பார்க்காத ஆட்டையும் எண்ணுவது எப்படி?

2024-இல் தமிழ்நாட்டு மலைகளில் 1,031 வரையாடுகள் இருப்பதாக வனத்துறை அறிவித்தது. 2025-இல் அந்த எண் 1,303 ஆனது. செய்தியைப் படித்த எவருக்கும் இரண்டு சந்தேகங்கள் வந்திருக்கும். மேகம் மூடிய செங்குத்துப் பாறைகளில் திரியும் ஒரு விலங்கை, 1,300-க்கு மேல் இன்னும் மூன்று என்று சொல்லும் அளவுக்கு எப்படி எண்ணினார்கள்? ஒரே ஆண்டில் 272 ஆடுகள் எங்கிருந்து வந்தன?

இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆகவே எண்ணும் முறையிலிருந்து தொடங்குவோம்.

ஒன்பதாவது வளைவும் அதற்கு அப்பாலும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களை அவை சட்டை செய்வதில்லை. அங்கே பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இதை எண்ணுவதற்கு ஒரு அரசுத் திட்டமா என்றுதான் தோன்றும்.

ஆனால் அவை மனிதருக்குப் பழகிப்போன சில ஆடுகள். வரையாட்டினத்தின் பெரும்பகுதி 1,200 மீட்டருக்கு மேல், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சந்திக்கும் விளிம்புகளில் வாழ்கிறது. திறந்த புல்லில் மேயும். சிறுத்தையோ செந்நாயோ தலைகாட்டினால் யாரும் பின்தொடர முடியாத பாறைச் சரிவில் இறங்கிவிடும். வடக்கே நீலகிரி, தெற்கே அகத்தியமலையைத் தாண்டிய குன்றுகள், இடையே ஆனைமலை, பழனிமலை, மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் என்று ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு அதன் வாழிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உலகில் வேறெங்கும் இந்த விலங்கு காட்டில் வாழவில்லை.

ஆடு என்றாலும், 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதை வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கு நெருங்கிய உறவாகக் காட்டியது. அதுவரை இமயமலையில் வாழும் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன்பின் நீலகிரிட்ராகஸ் என்ற பேரினம் இதற்கென்றே உருவானது. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே உறுப்பினர். இது போனால் ஒரு பேரினமே போய்விடும்.

திட்டம் வருமுன்

வரையாட்டை முறையாக எண்ண முயன்ற முதல் ஆட்களில் ஒருவர் இ. ஆர். சி. டேவிதார். தொழிலால் வழக்கறிஞர். 1960-களிலும் 1970-களிலும் மலை மலையாக நடந்து கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாக அனுசரிக்கிறது. 1960-களின் இறுதியில் உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர் இங்கே வந்து ஆய்ந்தார். பின்னர் கிளிஃபோர்ட் ரைஸ் கேரளத்தின் இரவிகுளத்தில் தங்கி இதன் வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்தார். 2015-இல் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை மொத்தம் 3,122 என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது.

இவை எல்லாமே அரிய உழைப்பு. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் வெவ்வேறு மலையில், வெவ்வேறு பருவத்தில், வெவ்வேறு முறையில் எண்ணினார்கள். அந்த எண்களை வரிசையாக வைத்து ஆடு கூடியதா குறைந்ததா என்று கேட்டால், நாம் பார்ப்பது ஆடுகளின் மாற்றமா, முறைகளின் மாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாய் மதிப்பில், ஐந்து ஆண்டுகளுக்கு, நீலகிரி வரையாடு திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார். ரேடியோ கழுத்துப்பட்டை அணிவித்து நடமாட்டத்தைப் பின்தொடர்வது, உடலில் தோன்றும் கட்டிகளுக்குக் காரணம் தேடுவது, மேல் பவானிப் பகுதியில் புல்வெளியை மீட்பது, முன்பு வாழ்ந்து அழிந்த இடங்களில் மீண்டும் குடியேற்றுவது என்று அதில் பல பிரிவுகள். அத்தனைக்கும் அடித்தளமாக வைக்கப்பட்டது ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு. எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல், எங்கே குடியேற்றுவது, எந்தப் புல்வெளியை முதலில் மீட்பது என்று எப்படி முடிவெடுப்பது?

எல்லோரும் ஒரே நாளில்

ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு என்றால், வாழிடம் முழுவதையும் சிறு தொகுதிகளாகப் பிரித்து, எல்லாத் தொகுதிகளிலும் ஒரே நாட்களில் எண்ணுவது. முதலாவது 2024 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை நடந்தது. இரண்டாவது 2025 ஏப்ரல் 24 முதல் 27 வரை, கேரளாவும் சேர்ந்துகொள்ள.

ஏன் ஏப்ரல் கடைசி? குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கின்றன. அந்தப் பருவத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுவது வழக்கம். ஏப்ரலில் குட்டிகள் தாயோடு வெளியே வந்து நடமாடும், கணக்கில் சேரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மலையில் பத்தடி தூரம் தெரியாது.

ஏன் ஒரே நாள்? ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கிராஸ் ஹில்ஸ் புல்வெளியும் கேரளத்தின் இரவிகுளமும் ஒட்டிக் கிடக்கின்றன. மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது, புல்லில் இல்லை. திங்கட்கிழமை இந்தப் பக்கம் எண்ணிய மந்தை புதன்கிழமை அந்தப் பக்கம் நின்றால், அதே ஆடு இரண்டு மாநிலங்களின் கணக்கிலும் ஏறும். மாறிப் போனால் இரண்டிலும் விடுபடும்.

ஒரே நாளில் எண்ணுவதால் இருமுறை எண்ணும் பிழை குறைகிறது. பாறை இடுக்கில் படுத்திருந்ததால் யார் கண்ணிலும் படாத ஆட்டை அது கணக்கில் கொண்டுவராது. அதற்கு வேறொரு உத்தி வேண்டும்.

இரண்டு பிழைதிருத்துநர்கள்

இந்தப் புத்தகத்தின் அச்சுப்படியை இருவர் தனித்தனியே படித்துப் பிழை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டவில்லை. இரு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். முதலாமவர் குறித்த பிழைகளில் பெரும்பாலானவற்றை இரண்டாமவரும் குறித்திருந்தால், இருவருமே கூர்மையானவர்கள், தப்பிய பிழை குறைவு என்று நம்பலாம். இருவர் பட்டியலும் ஒட்டவே இல்லையென்றால், புத்தகத்தில் பிழை மண்டிக் கிடக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம்தான் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். இரு பட்டியல்களும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்பதை வைத்தே, இருவர் கண்ணிலும் படாத பிழைகளின் எண்ணிக்கையை ஊகிக்க முடிகிறது.

இந்தச் சிந்தனை பழையது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1802-இல் பிறப்புப் பதிவேடுகளை வைத்து, ஏறத்தாழ இதே தர்க்கத்தில் பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்டார். 1890-களில் டென்மார்க்கின் பீட்டர்சன், அடையாளமிட்டு விட்ட மீன்களைக் கொண்டு கடல் மீனைக் கணக்கிட வழி திறந்தார். புலிக் கணக்கெடுப்பிலும் இதே தர்க்கம்தான். ஒவ்வொரு புலியின் வரியும் தனி என்பதால், தானியங்கிக் கேமராவில் பதிவான படங்களை ஒப்பிட்டால் எது மீண்டும் வந்த புலி என்று தெரிந்துவிடும்.

வரையாட்டில் வரி கிடையாது. ஒரு பெட்டைக்கும் இன்னொரு பெட்டைக்கும் வேறுபாடு சொல்வது, வருடக்கணக்கில் கூடவே திரிந்தவருக்குத்தான் ஓரளவு முடியும். ஆனால் ஒரு மந்தைக்கு முகம் உண்டு. முதுகில் வெளிறிய திட்டு விழுந்த முதிர்ந்த கிடா ஒன்று, பழுப்புக் கிடா இரண்டு, பெட்டை ஐந்து, இந்த ஆண்டுக் குட்டி மூன்று, காலை ஏழு மணி, இன்ன பாறைக்குக் கிழக்கே என்று எழுதினால், அதே நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு மந்தை இதே கலவையில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே தனி ஆட்டுக்குப் பதிலாக மந்தையை அடையாளமாகக் கொள்கிறார்கள். இதை இரட்டைப் பார்வையாளர் முறை என்போம். பனிச்சிறுத்தைக்கு இரையாகும் மலையாடுகளை எண்ண, ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் 2012 வாக்கில் நம் ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய முறை இது.

ஒரு மலைச்சரிவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு மலைப்பகுதி. முதல் குழு விடியற்காலையில் ஒரு தடத்தில் நடக்கிறது. வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர், கையில் பைனாகுலரும் பதிவுத்தாளும். சிறிது இடைவெளி விட்டு இரண்டாவது குழு அதே தடத்தில் நடக்கிறது. இரு குழுக்களும் வழியில் பேசிக்கொள்ளக் கூடாது.

மாலையில் தாள்களை ஒப்பிடுகிறார்கள். முதல் குழு கண்டது 12 மந்தைகள். இரண்டாவது குழு கண்டது 8. இரண்டு தாள்களிலும் பொதுவாக இருப்பவை 6. அப்படியானால் முதல் குழு மட்டும் கண்டவை 6, இரண்டாவது குழு மட்டும் கண்டவை 2. மொத்தம் 14 வெவ்வேறு மந்தைகள்.

பழைய முறை என்றால் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். 14 என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். நாம் இன்னும் ஒரு படி மேலே போகிறோம். இரண்டாவது குழு கண்ட 8 மந்தைகளை முதல் குழுவுக்கு வைத்த பரீட்சையாக நினைத்துப் பாருங்கள். அந்த 8-இல் 6-ஐ முதல் குழு பிடித்திருக்கிறது. அதாவது அங்கே இருக்கும் மந்தைகளில் நான்கில் மூன்று பங்கு முதல் குழுவின் கண்ணில் படுகிறது. நான்கில் மூன்று பங்கு 12 என்றால், முழுசும் 16.

திருப்பிப் போட்டுச் சரிபார்க்கலாம். முதல் குழு கண்ட 12-இல் இரண்டாவது குழு பிடித்தது 6. பாதி. பாதி என்பது 8 என்றால் முழுசும் 16. இரு வழியிலும் ஒரே விடை. யாரும் பார்க்காத 2 மந்தைகள் அந்தச் சரிவில் எங்கோ இருக்கின்றன.

பார்த்த 14 மந்தைகளில் மொத்தம் 126 ஆடுகள் என்றால், மந்தைக்குச் சராசரி 9. பதினாறு மந்தைக்கு 144. கண்ணால் கண்டது 126, மதிப்பீடு 144. இந்த 18 ஆடுகளைக் கண்டவர் எவருமில்லை. ஆனாலும் காற்றில் பிடித்த எண் அல்ல அது. ஒரு குழுவின் கவனக்குறைவை இன்னொரு குழு அளந்து கொடுத்ததால் கிடைத்தது. (உண்மையில் சூத்திரத்தில் சிறு திருத்தம் ஒன்று சேர்ப்பார்கள்; எண்கள் சிறியவையாக இருக்கும்போது வரும் மிகைமதிப்பைக் குறைக்க. நம் கணக்குக்கு அது இல்லாமலே போதும்.)

எங்கே வழுக்கும்

அழகான கணக்குதான். ஆனால் மலையில் வழுக்குவதுபோலவே இதிலும் வழுக்க இடமிருக்கிறது.

வரையாட்டு மந்தை கட்டுக்கோப்பானது அல்ல. மேயும்போது பிரியும், வேறொன்றோடு சேரும். முதல் குழு 11 ஆடுகள் கொண்ட ஒரு மந்தையைப் பார்த்தது, இரண்டாவது குழு வருவதற்குள் அது ஏழும் நான்குமாகப் பிரிந்துவிட்டது என்று வைப்போம். இரண்டாவது குழு அதை அடையாளம் காணாமல் இரண்டு புதிய மந்தைகளாக எழுதிவிடுகிறது. இப்போது இரண்டாவது குழுவின் எண்ணிக்கை 9, பொதுவானவை 5. அதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 22 மந்தைகள், ஆடுகள் சுமார் 185. ஒரே ஒரு மந்தை பிரிந்ததில் 144 என்பது 185 ஆகிவிட்டது! குழுக்களுக்கு இடையே அதிக இடைவெளி விடக் கூடாது என்பதும், பதிவுத்தாளில் கிடா, பெட்டை, குட்டி என்று பிரித்து எழுத வலியுறுத்துவதும் இதனால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "அந்தப் பாறைக்குப் பின்னால பாருங்கண்ணே" என்று கைகாட்டிவிட்டால், இரண்டாவது குழு தானாகக் காணாத மந்தைகளும் பொதுவானவற்றில் சேர்ந்துவிடும். ஒத்துப்போவது கூடும், மதிப்பீடு இறங்கும். உதவி செய்யும் கை கணக்கைக் கெடுக்கும் அபூர்வமான வேலைகளில் இது ஒன்று.

இன்னொன்று, இந்த முறையால் தீர்க்கவே முடியாதது. சோலைக்காட்டின் ஓரத்தில், எந்தத் தடத்திலிருந்தும் தெரியாத பள்ளத்தில் நிற்கும் மந்தையை இரண்டு குழுவும் பார்க்காது, பத்துக் குழு போனாலும் பார்க்காது. பரீட்சையில் கேட்கப்படாத கேள்வி அது. புல்வெளிகளில் பரவிவிட்ட சீகை மரமும் பைன் மரமும் ஆட்டின் மேய்ச்சலைப் பறிப்பதோடு, கணக்கெடுப்பவரின் பார்வையையும் மறைக்கின்றன.

இன்னொரு முறை: பலமுறை எண்ணுவது

அதனால்தான் ஒரே முறையை நம்பி இருப்பதில்லை. இரட்டைப் பார்வையாளர் முறையோடு, வரம்பு எண்ணிக்கை என்று சொல்லத்தக்க இன்னொன்றும் பயன்படுகிறது. ஒரு தொகுதியைக் காலை, மாலை என்று பலமுறை எண்ணுவது. நான்கு முறை எண்ணியதில் 22, 31, 27, 35 என்று வந்தால், உண்மை குறைந்தது 35. சராசரி எடுத்தால் தவறு. மேகம் இறங்கிய மாலையின் 22 எதற்கு உண்மையைக் கீழே இழுக்க வேண்டும்? மாறாக, மிக உயர்ந்த இரண்டு எண்களை எடுக்கிறார்கள். 35-க்கும் 31-க்கும் இடைவெளி 4. மிகச் சிறந்த பார்வைக்கும் உண்மைக்கும் இடையிலும் ஏறத்தாழ அதே இடைவெளி இருக்கும் என்று கொண்டு, 39 என்று மதிப்பிடுகிறார்கள்.

பக்கத்துத் தொகுதியிலிருந்து ஆடு நுழைந்து அந்த 35 வந்திருந்தால் கணக்கு கெடும். ஒரே நாட்களில் எங்கும் ஆள் நிற்பது இங்கே மறுபடியும் கைகொடுக்கிறது.

அந்த 272

இப்போது இரண்டாவது கேள்வி. 1,031-லிருந்து 1,303-க்கு என்றால் நூற்றுக்கு 26 உயர்வு. இது முழுவதும் பிறப்பால் வந்திருக்க முடியுமா?

பெட்டை வழக்கமாக ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் ஈனும். ஒரு பேச்சுக்கு, 1,031-இல் பாதி ஈனும் வயதுப் பெட்டைகள் என்று தாராளமாக வைத்தாலும், 500-க்குச் சற்று மேல் குட்டிகள். அதில் சிறுத்தைக்கும் புலிக்கும் செந்நாய்க்கும் போவது, பாறையில் தவறுவது, நோய், முதிர்ந்தவற்றின் சாவு என்று எல்லாம் கழிந்து 272 மிஞ்ச வேண்டும். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் அத்தனை நல்ல காலம் வாய்ப்பது அரிது. இரண்டாம் முறை அதிக இடங்களைப் பிரித்துத் தேடினார்கள். முதல் முறை பழகிய கண்கள் இரண்டாம் முறை கூர்மையாகியிருந்தன. உயர்வில் கணிசமான பங்கை நான் இவற்றின் பெயரில்தான் எழுதுவேன். இதைச் சொல்வது திட்டத்தைக் குறை கூறுவதாகாது. எந்தக் கணக்கெடுப்பும் முதல் இரண்டு மூன்று முறை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். உயர்வைக் கொண்டாடத் தலைப்பு போட்ட நாளிதழ்கள்தான் அடுத்தமுறை எண் சற்று இறங்கினால் திகைக்கும்.

2025-இல் கேரளம் தன் பங்கை 1,352 என்றது. அதில் இரவிகுளம் மட்டும் 841. தமிழ்நாட்டில் கிராஸ் ஹில்ஸ் 334, நீலகிரியின் முக்கூர்த்தி 282. இரு மாநிலமும் சேர்ந்து 2,655. இதை 2015-இன் 3,122-க்குப் பக்கத்தில் வைத்து, பத்தாண்டில் சரிவு என்று அழுவதும் அதே பிழை; அளவுகோல் வேறு. ஒப்பிட வேண்டியது 2025-ஐயும், அதே தொகுதிகளில் அதே முறையில் வரப்போகும் கணக்கெடுப்புகளையும்தான்.

எட்டு ஆடுகள் உள்ள மலை

மேலே சொன்ன மூன்று பெரிய புல்வெளிகளில் மட்டும் 1,457 ஆடுகள். மொத்தத்தில் பாதிக்கு மேல். மீதி ஆடுகள் பல சின்னச் சின்னக் குன்றுகளில், ஒன்றுக்கொன்று போக்குவரத்தில்லாமல், தேயிலைத் தோட்டமும் சாலையும் அணையும் இடையில் புகுந்துவிட்ட துண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன.

ஒரு குன்றில் எட்டே ஆடுகள், ஒரே மந்தை என்றால் இரு குழுக்களை ஒப்பிட்டு நாம் போட்ட கணக்கு அங்கே வேலை செய்யாது. முதல் குழு ஒரு மந்தை பார்த்தது, இரண்டாவது குழு பார்க்கவில்லை என்றால், ஒப்பிட எதுவுமே இல்லை. சராசரியும் விழுக்காடும் பெரிய எண்களுக்கானவை. ஆனால் முதலில் அழியக்கூடியவை இந்தச் சிறு மந்தைகள்தான். ஒரு நோய், ஒரு வேட்டைக்காரன், கிடா இல்லாத இரண்டு வருஷம் போதும். திட்டத்தில் சொல்லப்பட்ட மறுகுடியேற்றம் தேவைப்படப் போவதும் பெரும்பாலும் இத்தகைய இடங்களுக்கே.

அங்கே வழி ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், அந்தச் சரகத்தின் காவலர் மாதாமாதம் ரோந்தில் அதே பாறைக்குப் போய், இருப்பது ஏழா எட்டா, குட்டி உண்டா, கிடா எது என்று குறித்து வைப்பது. எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்துத் தனி ஆட்டை அடையாளம் காணும் ஆய்வையும் இங்கேதான் முதலில் பயன்படுத்த வேண்டும் என்பேன். 841 ஆடுகள் உள்ள இடத்தில் எட்டு ஆடு கூடினாலும் குறைந்தாலும் மதிப்பீட்டின் பிழைக்குள் மறைந்துவிடும். இந்தக் குன்றில் அதுவே முழு எண்ணிக்கை.